120 பேர், ஒரே ஹால், மலைக்குளிர்: கிறிஸ்துமஸுக்கு என்ன விளையாடலாம்?

கேள்வி இதுதான்: கோத்தகிரி பக்கம் ஒரு சபை. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் சபைக் குடும்பங்கள் எல்லாம் கூடுகின்றன. சுமார் 120 பேர். நான்கு வயதுப் பிள்ளையிலிருந்து எண்பது வயதுப் பாட்டி வரை உண்டு. ஒரு ஹால், இரண்டரை மணி நேரம். விளையாட்டுப் பொறுப்பு வாலிபர் ஐக்கியத்தின் தலையில். போன வருஷம் மியூசிக்கல் சேரும் லெமன் ஸ்பூனும் வைத்ததில் பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்களாம். இந்த வருஷம் வேறு என்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மாதிரிக் கூட்டங்களில் விசிலும் மைக்குமாக நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போன வருஷத்துக் கணக்கைப் பார்ப்போம். அவர்கள் தாங்களாக எழுந்து போகவில்லை. நீங்கள்தான் அனுப்பி வைத்தீர்கள். மியூசிக்கல் சேரில் நாற்பது பேர் இறங்கினால், இருபதாவது சுற்று முடியும்போது இருபது பேர் சும்மா நிற்பார்கள். கீழே கோயம்புத்தூரிலோ திருநெல்வேலியிலோ என்றால் அந்த இருபது பேர் ஓரமாக நின்று கைதட்டுவார்கள். இங்கே டிசம்பர் சாயங்காலம் ஆறு மணிக்கு சும்மா நிற்கிறவருக்கு முதலில் குளிரும். குளிர்ந்தால் கால் தானாக டீ அடுப்புப் பக்கம் போகும். அங்கே போனவர் திரும்பி வரமாட்டார், இன்னும் நாலு பேரையும் கூப்பிடுவார். அரை மணி நேரத்தில் ஹாலில் ஒரு கிறிஸ்துமஸ், சமையல்கட்டில் ஒரு கிறிஸ்துமஸ் என்று ஆகிவிடும்.

லெமன் ஸ்பூனும் அப்படித்தான். 120 பேரை ஆறு வரிசையாக நிறுத்தினால் வரிசைக்கு இருபது பேர். ஒருவருக்கு அரை நிமிஷம் என்றாலும் பத்து நிமிஷம் ஆகும். அதில் ஒருவர் விளையாடுவது அரை நிமிஷம், வேடிக்கை பார்ப்பது ஒன்பதரை நிமிஷம்.

ஆகவே எந்த விளையாட்டைச் சொன்னாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஐந்தாவது நிமிஷத்தில் எத்தனை பேர் சும்மா இருப்பார்கள்? கால்வாசிப் பேருக்கு மேல் என்றால் அது சின்ன கூட்டத்துக்கான விளையாட்டு. வீட்டில் பத்துப் பேர் சேரும்போது ஆடிக்கொள்ளலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஐந்து மணிக்குக் கூட்டம் என்றால் ஐந்தே முக்கால் வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மூடுபனி இறங்கினால் இன்னும் தாமதமாகும். எல்லாரும் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாசலிலேயே ஒருவர் ஊக்கும் சீட்டுமாக நிற்கட்டும். உள்ளே வருகிறவர் முதுகில் ஒரு பெயரை எழுதிக் குத்திவிட வேண்டும்: நோவா, தாவீது, கோலியாத், மார்த்தாள், யோனா, சகேயு. தன் முதுகில் என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது. எதிரில் வருகிறவரிடம் "ஆமாம், இல்லை" என்று மட்டும் பதில் வரும்படி கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவரிடம் ஒரு கேள்விதான், அப்புறம் அடுத்தவரிடம் போக வேண்டும். இதில்தான் வித்தையே இருக்கிறது. போன மாதம் மாற்றலாகி வந்த குடும்பம்கூட ஏழெட்டுப் பேரிடம் பேசியிருக்கும். இங்கே எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருப்பதால் ஊக்கு குத்துவதும் சுலபம், பட்டுப்புடவையைக் கிழித்த பாவமும் வராது. ஒருமுறை ஆறடி உயரத்துக்கு இருந்த ஒருவர் முதுகில், வேதத்தில் குள்ளராக வருகிற சகேயுவின் பெயரை யாரோ குத்திவிட்டார்கள். "நான் குள்ளமா?" என்று அவர் கேட்டபோதெல்லாம் "ஆமாம்" என்று சொல்ல முடியாமல் ஆட்கள் சிரித்த சிரிப்பில் ஹாலே சூடாகிவிட்டது.

அடுத்து குழு பிரிப்பது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பிரிக்காதீர்கள். பிள்ளைகள் தோழர்களோடு சேர நைசாக இடம் மாறுவார்கள், உங்களுக்குக் கணக்குத் தப்பும். பெத்லகேம் தொழுவத்தில் இருந்ததாக நாம் நினைத்துக்கொள்கிற பிராணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு, மாடு, கழுதை, கோழி, நாய், புறா, பூனை, ஒட்டகம் என எட்டு. ஒவ்வொன்றுக்கும் பதினைந்து சீட்டு. எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். அவரவர் பிராணி மாதிரிக் கத்திக்கொண்டே தன் இனத்தைத் தேட வேண்டும். பெரியவர்கள் நாற்காலியை விட்டு எழ வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினால் மற்றவர்கள் அவர்களிடம் வந்து சேர்வார்கள். ஒட்டகம் எப்படிக் கத்தும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பதினைந்து பேரும் பதினைந்து விதமாகக் கத்துவார்கள். ஆனால் நான் பார்த்தவரை அந்தக் குழுதான் முதலில் கூடும். இது என்ன சத்தம் என்று புரியாத ஒன்று எங்கே கேட்கிறதோ அங்கே போய்விட்டால் போதும். மூன்று நிமிஷத்தில் எட்டுக் குழு தயார். முழு இருட்டு வேண்டாம், குடிலில் எரியும் சீரியல் விளக்கை மட்டும் விட்டுவையுங்கள். பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள், யாரும் நாற்காலி தடுக்கி விழவும் மாட்டார்கள்.

இதே எட்டுக் குழுவுக்கு வாசனை டின் விளையாட்டு அப்படியே பொருந்தும். எட்டுக் காலி டின், உள்ளே ஒவ்வொரு பொருள், வாயில் துணி கட்டி நூலால் இறுக்கியிருக்க வேண்டும். டீத்தூள், காப்பித்தூள், மலைப்பூண்டு, சாம்பிராணி, ஆரஞ்சுத் தோல், கேக்குக்குப் போடும் பட்டை, கசக்கிய சைப்ரஸ் இலை, பஞ்சில் ஒரே ஒரு சொட்டு நீலகிரித் தைலம். ஒரு சொட்டுக்கு மேல் விட்டால் அது பக்கத்து ஏழு டின்னையும் விழுங்கிவிடும். குழுவுக்கு ஒரு டின், இரண்டு நிமிஷம், விசில் அடித்ததும் அடுத்த குழுவுக்குக் கைமாற்ற வேண்டும். எட்டு டின்னும் எந்த நேரத்திலும் யாராவது ஒரு குழுவின் கையில் இருப்பதால் சும்மா இருப்பவர் யாருமில்லை. பதினாறு நிமிஷத்தில் முடிந்துவிடும். மிளகுத்தூள் மட்டும் வேண்டாம். முதல் வருஷம் வைத்து ஒரு குழந்தை தும்மித் தும்மி அழுதுவிட்டது. அந்துருண்டையும் கூடாது, அது விஷம்.

இந்த விளையாட்டில் நான் மறக்காத ஒன்று உண்டு. டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி, டின் மூக்கருகே வருவதற்கு முன்பே "டஸ்ட்டு" என்றார். குழுவில் எல்லாரும் கைதட்டி, "டீத்தூள்" என்று எழுதிக்கொண்டார்கள். பாட்டி டின்னை விடவில்லை. இன்னொரு முறை முகர்ந்து பார்த்தார். "பழைய தூளுப்பா. ஈரம் பட்டுக் காஞ்சிருக்கு. இத எவன் வாங்குனான்?" என்றார். தூள் எங்கள் வீட்டிலிருந்து போனது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், பெரியவர்களை "நீங்க உட்காருங்க பாட்டி" என்று ஓரத்தில் வைத்துவிடாதீர்கள். ஓடியாடுகிற விளையாட்டில்கூட அவர்களுக்கு ஒரு வேலை கண்டுபிடிக்கலாம். அதற்கு நல்ல உதாரணம் நாங்கள் ஆடும் மலை ரயில்.

நம் ரயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது. கல்லாறு தாண்டினால் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம் வருகிற செங்குத்து. பல்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறும். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்த பாதை. விளையாட்டும் இதே முறைதான். எட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராகத் தோளைப் பிடித்து நிற்பார்கள். முன்னால் இருக்கும் ஏழு பேரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கடைசியில் நிற்பவர்தான் இன்ஜின், அவருக்கு மட்டும் கண் தெரியும். பேசக் கூடாது. வலது தோளைத் தட்டினால் வலப்பக்கம், இடது தோளைத் தட்டினால் இடப்பக்கம், இரண்டு தோளையும் அழுத்தினால் முன்னே போ, இரண்டையும் பின்னால் இழுத்தால் நில். இன்ஜின் தட்டுவதை அடுத்தவர் தனக்கு முன்னால் இருப்பவருக்குத் தட்ட வேண்டும். செய்தி ஆறு பேரைக் கடந்து முதல் ஆளிடம் போய்ச் சேரும்போது அது வேறு செய்தியாகியிருக்கும். சிரிப்பு அங்கேதான்.

120 பேரும் ஒரே நேரத்தில் ரயிலாக ஓடினால் ஹால் தாங்காது. ஏழு ரயில் மட்டும் விடுங்கள். மீதிப் பேரில் நடமாட முடிந்தவர்கள் இரண்டிரண்டு பேராகக் கையை உயர்த்திப் பிடித்துக் குகையாக நிற்கட்டும், சிலர் மரமாக, பாறையாக நிற்கட்டும். உண்மையான பாதையில் பதினாறு குகை, உங்களுக்கு ஆள் எவ்வளவோ அவ்வளவு வையுங்கள். நாற்காலியில் இருக்கும் தாத்தா பாட்டிகள்தான் ஸ்டேஷன். கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி என்று மடியில் ஒரு அட்டை. ரயில் தங்களிடம் வந்து முட்டும்போது ஸ்டேஷன் பெயரை உரக்கச் சொல்லி முதல் ஆள் கையில் ஒரு மிட்டாய் கொடுப்பார்கள். வரிசை தப்பி வந்த ரயிலைத் திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எங்கள் ஹில்குரோவ் பாட்டி ஒருவர், பேரன் இன்ஜினாக வந்த ரயிலை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். "சட்டம் சட்டம்தான்" என்றார். ஒரு சுற்று முடிந்ததும் ரயில்கள் காடாகும், காடு ரயிலாகும். இருபது நிமிஷத்துக்கு இது தாராளம்.

இந்த விளையாட்டில் இன்னொரு லாபம் உண்டு, மொழி வேண்டியதில்லை. நம் சபைகளின் சங்கதி உங்களுக்குத் தெரியும். எஸ்டேட் குடும்பங்கள், 1964 இந்திய-இலங்கை (சிறிமாவோ-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், படுகர் குடும்பங்கள், மலையாளம் பேசுகிறவர்கள், வெலிங்டன் ராணுவக் குடியிருப்பிலிருந்து வரும் வடக்கத்தியக் குடும்பங்கள் என்று ஒரே பெஞ்சில் நாலு மொழி உட்கார்ந்திருக்கும். பாட்டுக்குப் பாட்டு வைத்தால் கீர்த்தனை தெரிந்த பத்துப் பேர்தான் பாடுவார்கள், மற்றவர்கள் செல்போனை எடுப்பார்கள். டம் ஷராட்ஸ் பரவாயில்லை, ஆனால் அதிலும் ஒருவர் நடிக்கிறார், 119 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டுக் குழுவிலும் ஒரே நேரத்தில் ஒவ்வொருவர் நடித்தால் மட்டும் அதை வைக்கலாம்.

இனி ஹவுசி, அதாவது கூப்பிடுகிற எண்ணை டிக்கெட்டில் அடிக்கிற தம்போலா. அது இல்லாமல் மலையில் கிறிஸ்துமஸே இல்லை என்று நினைப்பவர்கள் பாதிப் பேர். வைப்பதற்கு முன்னால் போதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிக்கெட்டுக்குப் பணம் வாங்கினால் சூதாட்டம் என்று சில சபைகளில் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. டிக்கெட் இலவசமாகவே இருக்கட்டும், பரிசும் பொருளாகவே இருக்கட்டும்.

பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு டிக்கெட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து எண், மொத்தம் பதினைந்து. ஆறு டிக்கெட் சேர்ந்தாற்போல் ஒரே நீளத் தாளாக வரும் புத்தகம் வாங்கினால், அந்த ஆறிலும் சேர்த்து 1 முதல் 90 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு தடவை இருக்கும். ஆறு பதினைந்து தொண்ணூறு. அந்தத் தாளைக் கிழித்துக் கூட்டம் முழுக்க இறைக்காமல், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆறு பேருக்குக் கொடுங்கள். அப்படிச் செய்தால் நீங்கள் எந்த எண்ணைக் கூப்பிட்டாலும் அந்த ஆறு பேரில் ஒருவர் அடித்தே ஆக வேண்டும். "எனக்கு ஒண்ணுமே வரல" என்று யாரும் முகத்தைத் தொங்கப் போட மாட்டார்கள். எண் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தாத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பேத்தி அடித்துக் கொடுப்பாள், ஏனென்றால் தன்னிடம் இல்லாத எண் அவரிடமோ மற்ற நாலு பேரிடமோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். டிக்கெட்டை வெட்டி வைக்காத புத்தகமா, ஆறும் ஒரே தொகுப்பா என்று கடையில் பார்த்து வாங்குங்கள். இணையத்திலிருந்து அச்சடிக்கிறவர்கள் 90 எண்ணும் இருக்கிறதா என்று ஒரு தாளையாவது எண்ணிப் பாருங்கள்.

120 டிக்கெட் ஓடினால் முதல் ஃபுல் ஹவுஸ் (ஒரு டிக்கெட்டின் பதினைந்து எண்ணையும் அடித்து முடிப்பது) பெரும்பாலும் 60-க்கு மேல் 70-க்குள் விழும். நிதானமாகக் கூப்பிட்டு, ஜல்தி ஃபைவ் (முதலில் ஐந்து எண் அடிப்பது), மூன்று வரிசை, நாலு மூலை எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொடுத்தால் இருபத்தைந்து நிமிஷம். அதற்கு மேல் இழுக்காதீர்கள், இரண்டாவது ஹவுஸ், மூன்றாவது ஹவுஸ் என்று போனால் ஜெயிக்காதவர்களுக்கு அலுத்துவிடும். பரிசுக்கு பிளாஸ்டிக் டப்பா வாங்கி அலுத்துப்போய் நாங்கள் காய்கறிக்கு மாறிவிட்டோம். மண்ணோடு பிடுங்கிய ஒரு கட்டு கேரட், ஒரு பெரிய முட்டைக்கோஸ், ஒரு பாக்கெட் வர்க்கி. ஃபுல் ஹவுஸுக்கு ஒரு முழு பிளம் கேக். முட்டைக்கோஸ் ஜெயித்தவர் அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதைத்தான் அடுத்த டிசம்பர் வரை பேசினார்கள்.

வினாடி வினா வைப்பதாக இருந்தால் குழுவுக்கு ஒரு தாள் கொடுத்து எழுத வையுங்கள், மைக்கில் கேட்டால் முந்திரிக்கொட்டைகள் இரண்டு பேர்தான் பதில் சொல்வார்கள். எல்லாருக்கும் தெரியும் என்று நினைப்பதையே கேள்வியாக்கலாம். நட்சத்திரத்தைப் பார்த்துப் பிள்ளையைத் தேடி வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர்? மத்தேயு எண்ணிக்கையே சொல்லவில்லை, பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. மரியாள் எதன் மேல் ஏறி பெத்லகேமுக்குப் போனாள்? கழுதை என்று வேதத்தில் எங்கும் இல்லை. சாஸ்திரிகள் பிள்ளையைத் தொழுவத்திலா பார்த்தார்கள்? வீட்டுக்குள் போய்ப் பார்த்ததாக எழுதியிருக்கிறது. இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது கையில் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒரு பெரியவர் எழுந்து, நாற்பது வருஷமாகத் தான் ஜோடிக்கிற குடிலில் சாஸ்திரிகள் தொழுவத்தில்தான் நிற்கிறார்கள் என்று கால் மணி நேரம் வாதாடினார். பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம்.

பரிசுப் பரிமாற்றத்துக்கு கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு என்று சீட்டு எடுத்து, வந்த பெயருக்குப் பரிசு கொடுப்பது ஆபீசுக்கும் காலேஜுக்கும் சரி. 120 பேரில் பத்துப் பேர் அன்றைக்கு வரமாட்டார்கள், பத்துப் பிள்ளைகள் வெறுங்கையோடு அழுதுகொண்டு நிற்கும். அதற்குப் பதிலாக ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்குள் ஏதாவது ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள், நீங்களும் ஒரு பத்துப் பொட்டலம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். குழுக் குழுவாக வட்டமாக உட்கார்ந்து பொட்டலத்தைக் கையில் பிடித்திருக்க வேண்டும். ஒருவர் கதை படிப்பார். "வலது" என்று வரும்போதெல்லாம் பொட்டலம் வலது பக்கம் போகும், "இடது" என்றால் இடது பக்கம். கதையை நீங்களே எழுதினால்தான் ருசி. போன வருஷம் நான் எழுதியது இப்படித் தொடங்கியது:

"ராத்திரி பேக்கரிக்குள் கரடி நுழைந்தது. வலது கையால் கதவைத் தள்ளியது, இடது கையால் எண்ணெய் டின்னைத் தூக்கியது. வலது பக்கம் வர்க்கி, இடது பக்கம் கேக். எதைத் தின்பது? வலது, இடது, வலது, இடது என்று பார்த்தது. அப்போது காவல்காரர் இடது கண்ணை மட்டும் திறந்தார்..."

நம் ஊரில் கரடி எண்ணெய்க்காகக் கடைக்குள் புகுவது கதையல்ல என்பதால் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். மூன்று நிமிஷத்தில் கதை முடியும்போது யார் கையில் என்ன இருக்கிறதோ அது அவருக்கு. "இடம்", "வலம்" போன்ற சொற்களை நடுவில் தூவிவிட்டால் பாதிப் பேர் ஏமாந்து நகர்த்துவார்கள்.

சின்னச் சின்னதாக இடையில் செருக ஒன்றிரண்டு: செய்தித்தாளை விரித்து அதன் மேல் குடும்பமாக நிற்பது, விசிலுக்கு விசில் பாதியாக மடிப்பது. கையுறை போட்டுக்கொண்டு சாக்லேட் உறையைப் பிரித்துத் தின்பது. எவர்சில்வர் டம்ளரால் கோபுரம் கட்டுவது. சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் பிளாஸ்டிக், பேப்பர் கப் தொல்லை இல்லை, நம் மாவட்டத்தில் அவற்றுக்குத் தடை என்பதும் உங்களுக்குத் தெரியும். பலூன் உடைக்கிற போட்டி வேண்டாம். வெடித்த ரப்பர் துணுக்கு எப்படியும் நாலு வெளியே போகும். அதைக் குரங்கோ மாடோ தின்னும், இல்லாவிட்டால் தவழ்கிற குழந்தை வாயில் போடும்.

வெளியே மைதானத்தில் ஏதாவது வைக்க ஆசையா? கூட்டம் தொடங்குவதற்கு முன்பே, நாலரை மணிக்குள் முடித்துவிடுங்கள். கயிறு இழுக்கிறதாக இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள், மலையில் சமதரை என்று நாம் நினைப்பது எல்லாமே சரிவுதான், தாழ்ந்த பக்கம் நிற்கிறவர்கள் ஜெயித்துக்கொண்டே இருப்பார்கள். இருட்டிய பிறகு ஒளிந்து பிடிக்கிற விளையாட்டு எதுவும் வெளியே கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மைதானத்தில் மூன்று காட்டுமாடுகள் வந்து நின்றுகொண்டன. நாங்கள் ஜன்னலுக்குப் பின்னால் அரை மணி நேரம் ஜெபம் செய்தோம், அவை நிதானமாகப் புல் மேய்ந்துவிட்டுப் போயின.

கடைசி அரை மணிக்கு நான் வைத்திருப்பது பூப்பறிக்க வருகிறோம். இதைச் சொன்னதும் வாலிபர்கள் முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு வரும், சின்னப் பிள்ளைங்க விளையாட்டாச்சே என்று. வரட்டும். நான் இதைத் தேர்ந்தெடுத்ததே ஒரு விபத்துதான். ஒரு வருஷம் ஹவுசி பாதியில் மின்சாரம் போய்விட்டது. மைக் செத்தது, எண் தெரியவில்லை, பிள்ளைகள் கூச்சல். மெழுகுவத்தி தேடிக்கொண்டிருக்கும்போது பின் வரிசையிலிருந்து ஒரு பாட்டி தனியாகப் பாட ஆரம்பித்தார்: "பூப்பறிக்க வருகிறோம், பூப்பறிக்க வருகிறோம்." எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு பாட்டி: "எந்த மாதம் வருகிறீர்? எந்த மாதம் வருகிறீர்?" அதற்குள் ஏழெட்டு அம்மாக்களுக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது. "டிசம்பர் மாதம் வருகிறோம்!"

அந்த ஒரு வரிக்கு ஹாலே சிரித்தது. கிறிஸ்துமஸுக்கென்றே எழுதி வைத்த மாதிரி.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு அணி, கைகோத்து எதிரெதிரே வரிசையாக நிற்க வேண்டும். ஓர் அணி பாடிக்கொண்டே முன்னால் வந்து பின்னால் போகும், அப்புறம் மற்ற அணி பதில் பாடிக்கொண்டே வரும். எந்தப் பூவைப் பறிக்கப் போகிறீர்கள், யாரை அனுப்பிப் பறிக்கப் போகிறீர்கள் என்று கேள்வி போகும். ஒரு பெயர் சொல்வார்கள். இரண்டு பேரும் நடுவில் கோட்டுக்கு இரு பக்கமும் நின்று கையைப் பிடித்து இழுக்க வேண்டும். கோட்டைத் தாண்டி வந்தவர் இழுத்தவர் அணியில் சேர்ந்துகொள்வார். கவனித்தீர்களா? தோற்றவர் வெளியே போகவில்லை, எதிரணி வரிசையில் கைகோத்து நிற்கிறார். இந்த ஆட்டத்தில் அவுட் என்பதே கிடையாது. அறுபது அறுபது பேராக நிறுத்தலாம், முடியாதவர்கள் உட்கார்ந்து பாடலாம். பூப்பெயருக்கு மல்லி, முல்லை என்றே போகாமல் டிசம்பர் பூ, கார்னேஷன், டேலியா என்று நம் தோட்டத்துப் பூவாகச் சொல்லச் சொல்லுங்கள். போதகரையும் பாடகர் குழு அண்ணனையும் இழுக்க விடுங்கள், கூட்டம் அதற்காகவே காத்திருக்கும். எல்லாரும் ஷூ போட்டிருக்க வேண்டும். வெறும் சாக்ஸோடு மொசைக் தரையில் இழுத்தால் மண்டை உடையும்.

நடைமுறை விஷயம் கொஞ்சம். ஸ்னூக்கர் விதிகளை 1882-ல் ஊட்டி கிளப்பில் எழுதி ஒட்டினார்கள் என்பார்கள், நாம் மட்டும் மைக்கில் கத்திக் கத்தி விதி சொல்கிறோம். பெரிய தாளில் மூன்று வரியில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மூன்று வரிக்குள் அடங்காத விளையாட்டு என்றால் அதை விட்டுவிடுங்கள். சொல்வதைவிட நாலு பேர் ஒரு நிமிஷம் ஆடிக் காட்டுவது மேல். குழுவுக்கு ஒரு வாலிபர் பொறுப்பு, எட்டுப் பேர் போதும். சார்ஜ் போட்ட எமர்ஜென்சி விளக்கு இரண்டு, பேட்டரி ஸ்பீக்கர் ஒன்று. ஓடுகிற ஆட்டத்துக்கு அடுத்து உட்காருகிற ஆட்டம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். டீயும் கேக்கும் நடுவில் ஒரே ஒரு முறை, அதுவும் ஹாலுக்குள்ளேயே வரட்டும். கடைசி பஸ் பிடிக்க வேண்டிய எஸ்டேட் குடும்பங்கள் இருந்தால் ஹவுசியை முதல் பாதியிலேயே முடியுங்கள், ஃபுல் ஹவுஸுக்கு ஒரு எண் பாக்கி இருக்கும்போது பஸ்ஸுக்கு ஓடுவது போன்ற வயிற்றெரிச்சல் வேறு இல்லை.

சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கிற நேரத்தில் எல்லாரையும் அமைதியாக உட்கார வைக்க இன்னும் ஒன்று. இரண்டு வரிசை நாற்காலி, எதிரெதிரே. எல்லாரும் மடிமேல் சால்வையை விரித்துக்கொள்ள வேண்டும். ஒரு வரிசையின் சால்வைகளுக்கு அடியில் ஒரு சின்ன மணி சத்தமில்லாமல் கைமாறிப் போகும். பாட்டு நின்றதும் மணி யாரிடம் என்று எதிர் வரிசை கண்டுபிடிக்க வேண்டும். எண்பது வயதுக்காரர்கள் முகத்தில் ஒன்றுமே தெரியாது, ஆறு வயதுக்காரர்கள் மணி தங்களிடம் இல்லாதபோதே சிரித்துவிடுவார்கள். மணி மட்டும் இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். ஒன்று எப்படியும் யாராவது ஒரு பாட்டியின் சால்வையோடு வீட்டுக்குப் போய்விடும்.